குறைப்பு இலக்கு எனும் வாக்குறுதி: நிறுவனங்களின் கார்பன் கணக்கு

1997ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஜான் பிரௌன் ஓர் உரை நிகழ்த்தினார். எண்ணெய், எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றை எரிப்பதற்கும் புவி வெப்பமடைவதற்கும் இடையிலான தொடர்பை இனியும் புறக்கணிக்க இயலாது என்பது அவ்வுரையின் சாரம். எண்ணெய் நிறுவனங்கள் பலவும் அந்த அறிவியலையே ஐயத்துக்குரியதாகக் காட்ட முயன்றுகொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் ஓர் எண்ணையும் முன்வைத்தது. தனது பசுங்குடில் வாயு உமிழ்வை 2010ஆம் ஆண்டுக்குள் 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து 10 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தது. குறித்த காலத்துக்குப் பல ஆண்டுகள் முன்னதாக, 2001இன் இறுதியிலேயே அவ்விலக்கு எட்டப்பட்டது.

அதே நிறுவனம் 2020இல் இதைவிடப் பன்மடங்கு பெரிய வாக்குறுதியை உலகுக்கு அளித்தது. 2023இல் அதைத் தளர்த்தியது. 2025இல் அதன் மையமான பகுதியைக் கைவிட்டது.

முதல் வாக்குறுதி எளிதில் நிறைவேறியதும் இரண்டாவது முறிந்ததும் ஏன்? நிர்வாகிகளின் நல்லெண்ணத்தையோ தீய எண்ணத்தையோ மட்டும் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண இயலாது. ஒரு நிறுவனம் தன் குறைப்பு இலக்கை எவ்வாறு வகுக்கிறது, எவற்றைக் கணக்கில் சேர்க்கிறது, எவற்றை விலக்குகிறது, யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பவற்றை அறிந்தால்தான் விடை புலப்படும். இன்று ஏறத்தாழ எல்லாப் பெருநிறுவனங்களின் ஆண்டறிக்கையிலும் இத்தகைய இலக்கு ஒன்று இடம்பெறுகின்ற நிலையில், அதைப் படித்துப் பொருள் காணும் பயிற்சி கற்றவர்களுக்கு இன்றியமையாததாகிறது.

கணக்கின் அலகு

புகைபோக்கிகள் அனைத்திலும் கருவி பொருத்தி உமிழ்வு அளக்கப்படுகிறது என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். உண்மையில் பெரும்பாலான கணக்குகள் பெருக்கலால் பெறப்படுபவை. எரித்த எரிபொருளின் அளவை, அவ்வெரிபொருளுக்கென நிறுவப்பட்ட உமிழ்வு எண்ணால் பெருக்கினால் விடை கிடைக்கும். ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 2.7 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே டீசல் வாங்கிய பற்றுச்சீட்டுகளே உமிழ்வுக் கணக்கின் மூல ஆவணங்களாகிவிடுகின்றன. மீத்தேன் முதலிய பிற வாயுக்கள் கரியமில வாயுவுக்கு நிகரான அளவாக மாற்றப்பட்டுக் கூட்டப்படுகின்றன. நூறாண்டுக் கால அளவில் ஒரு டன் மீத்தேன் ஏறத்தாழ 28 டன் கரியமில வாயுவுக்கு நிகரான வெப்பத்தைத் தேக்குகிறது என்பது இம்மாற்றத்தின் அடிப்படை.

இக்கணக்கியலுக்கு உலகப் பொதுவிதிகளை வகுத்தவை அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட உலக வள ஆய்வகமும், நிலைத்த வளர்ச்சிக்கான உலக வணிக மன்றமும் ஆகும். இவ்விரண்டும் இணைந்து உருவாக்கிய பசுங்குடில் வாயு நெறிமுறை 2001இல் வெளிவந்தது, 2004இல் திருத்தப்பட்டது. நிதிக் கணக்கில் வரவும் செலவும் எவ்வளவு அடிப்படையானவையோ, அவ்வளவு அடிப்படையானவை இந்நெறிமுறை வகுத்த மூன்று வட்டங்கள்.

மூன்று வட்டங்கள்

'ஸ்கோப்' என்னும் சொல்லால் குறிக்கப்படும் இவ்வட்டங்களுள் முதலாவது, நிறுவனம் தன் உடைமையான உலைகளிலும் வாகனங்களிலும் நேரடியாக வெளியிடும் உமிழ்வு. இரண்டாவது, அது விலைக்கு வாங்கும் மின்சாரத்தையும் நீராவியையும் உற்பத்தி செய்யும்போது வேறோர் இடத்தில் எழும் உமிழ்வு. மூன்றாவது மிகப் பரந்தது. மூலப்பொருளை விளைவித்தவர், பாகங்களைச் செய்தவர், சரக்கைச் சுமந்தவர், விற்ற பொருளை இறுதியில் பயன்படுத்தியவர் ஆகிய அனைவரின் உமிழ்வும் இதனுள் அடங்கும். இதற்கான தனி நெறிமுறை 2011இல்தான் வெளிவந்தது.

பிரிட்டிஷ் பெட்ரோலியத்தின் முதல் இலக்கு எளிதில் எட்டப்பட்டதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. அவ்விலக்கு நிறுவனத்தின் சொந்தச் செயற்பாடுகளை மட்டுமே தழுவியது. எண்ணெய்க் கிணறுகளில் உடன் வெளிவரும் எரிவாயுவை வீணே எரித்துவிடும் வழக்கத்தைக் குறைத்தார்கள். குழாய்களின் கசிவை அடைத்தார்கள். சுத்திகரிப்பு ஆலைகளில் எரிபொருளைச் சிக்கனப்படுத்தினார்கள். நிறுவனத்தின் பிரிவுகள் தமக்குள்ளேயே உமிழ்வு உரிமங்களை வாங்கி விற்கும் உள்சந்தை ஒன்றையும் நடத்தினார்கள். வீணாகிக்கொண்டிருந்த எரிவாயு விற்பனைப் பொருளாயிற்று. ஆதலால் இழப்புக்கு மாறாக இலாபமே கிட்டியது. இவை மெய்யான குறைப்புகள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் எண்ணெய் நிறுவனத்தின் முதன்மையான உமிழ்வு அதன் கிணற்றிலோ ஆலையிலோ நிகழ்வதன்று. அது விற்ற எண்ணெய் வாகனங்களிலும் வீடுகளிலும் மின்நிலையங்களிலும் எரியும்போது நிகழ்வது. 2020இல் அந்நிறுவனம் தந்த கணக்கின்படி, அதன் சொந்தச் செயற்பாடுகளின் உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 5.5 கோடி டன். அது தோண்டி எடுத்த எண்ணெயிலும் எரிவாயுவிலும் அடங்கியிருந்த கார்பன் எரிந்து வெளியாகும் அளவோ சுமார் 36 கோடி டன். பிறரிடம் வாங்கி மறுவிற்பனை செய்த எரிபொருள் இந்த 36 கோடியில் அடங்காது. 1998இன் இலக்கு சிறிய எண்ணைக் குறித்தது; பெரிய எண்ணை அது தொடவேயில்லை.

மூன்றாம் வட்டத்தைச் சேர்ப்பதில் மெய்யான சிக்கலும் உண்டு என்பதை நேர்மையுடன் சொல்லவேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதால் எழும் உமிழ்வு எண்ணெய் நிறுவனத்தின் மூன்றாம் வட்டத்திலும், வாகன உற்பத்தியாளரின் மூன்றாம் வட்டத்திலும், வாடகைக் கார் நிறுவனத்தின் முதல் வட்டத்திலும் ஒருசேர இடம்பெறும். எனவே எல்லா நிறுவனங்களின் கணக்கையும் கூட்டி உலகின் மொத்தத்தைப் பெற இயலாது. இவ்வட்டத்தின் நோக்கம் வேறு. ஒவ்வொரு நிறுவனமும் எந்த உமிழ்வின்மீது செல்வாக்குச் செலுத்தவல்லது என்பதைக் காட்டுவதே அது.

அடிப்படை ஆண்டும் விற்பனையின் விளைவும்

குறைப்பு என்றால் எதிலிருந்து குறைப்பு என்ற வினா உடன் எழும். இதற்கு விடையாகக் குறிக்கப்படுவதே அடிப்படை ஆண்டு. உற்பத்தி வழக்கத்தைவிட உச்சத்தில் இருந்த ஆண்டைத் தேர்ந்தால், ஒன்றும் செய்யாமலேயே பாதித் தொலைவைக் கடந்ததாகக் காட்டிவிடலாம். இயல்பான ஆண்டொன்றைத் தேர்வதும், நிறுவனங்களை வாங்கும்போதும் விற்கும்போதும் அடிப்படைக் கணக்கைத் திருத்துவதும் நெறிமுறையின் விதிகள்.

இவ்விதியின் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். பிரிட்டிஷ் பெட்ரோலியம் தன் அலாஸ்கா எண்ணெய் வயல்களை ஹில்கார்ப் என்னும் தனியார் நிறுவனத்துக்கு விற்பதாக 2019இல் அறிவித்து, 2020இல் அவ்விற்பனையை முடித்தது. விற்றவரின் ஏட்டிலிருந்து அந்த உமிழ்வு நீங்கிற்று. கிணறுகள் மூடப்படவில்லை, எண்ணெய் முன்போலவே வெளிவந்தது. வளிமண்டலத்தைப் பொறுத்தவரை உரிமையாளரின் பெயர் மட்டுமே மாறியது. மேலும், வாங்குபவர் பங்குச்சந்தையில் இடம்பெறாத தனியார் நிறுவனமாக இருந்தால், பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டும் கடமையும் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது.

மொத்த அளவும் ஒப்பளவும்

இலக்குகள் இருவகைப்படும். மொத்த உமிழ்வைக் குறைப்பது ஒன்று. ஓர் அலகு உற்பத்திக்கு எழும் உமிழ்வைக் குறைப்பது மற்றொன்று. இரண்டாவதை ஒப்பளவு இலக்கு எனலாம்.

சிமென்ட் தொழிலைக் கற்பனைக் கணக்கொன்றால் நோக்குவோம். ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஒரு கோடி டன் சிமென்ட் செய்கிறது. டன்னுக்கு 600 கிலோகிராம் கரியமில வாயு எழுகிறது. மொத்தம் 60 இலட்சம் டன். பத்தாண்டுகளில் அது டன்னுக்கு 500 கிலோகிராமாகக் குறைத்துவிடுகிறது. உற்பத்தியோ இரண்டு கோடி டன்னாகப் பெருகிவிடுகிறது. இப்போது மொத்த உமிழ்வு ஒரு கோடி டன். ஒப்பளவு ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மொத்த அளவு மூன்றில் இரண்டு பங்கு கூடியிருக்கிறது. ஆண்டறிக்கையின் அட்டையில் எந்த எண் அச்சிடப்படும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

எனினும் ஒப்பளவு இலக்கை வெறும் ஏமாற்று எனத் தள்ளிவிடுவது முறையாகாது. வீடும் பாலமும் பள்ளிக்கூடமும் இனிமேல்தான் கட்டப்படவேண்டிய ஒரு நாட்டில் சிமென்ட் உற்பத்தி பெருகுவது தவிர்க்க இயலாதது. இந்தியாவின் தேசிய இலக்கே ஒப்பளவில்தான் அமைந்துள்ளது: உள்நாட்டு உற்பத்தி மதிப்பின் ஓர் அலகுக்கு எழும் உமிழ்வை 2030க்குள் 2005ஆம் ஆண்டின் அளவிலிருந்து 45 விழுக்காடு குறைப்பது. மேலும் சிமென்ட்டுக்கு வேதியியல் சார்ந்த ஓர் இடர்ப்பாடும் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு பிரிகிறது. இத்தொழிலின் உமிழ்வில் பாதிக்கு மேற்பட்டது இதனால் எழுவது. உலையின் எரிபொருளை முற்றிலும் மாற்றினாலும் இது நீங்காது. திருச்சி மாவட்டத்து டால்மியாபுரத்தில் 1939இல் ஆலை தொடங்கிய டால்மியா சிமென்ட், 2040க்குள் தான் வெளியிடுவதைவிட மிகுதியான கார்பனை அகற்றும் நிலையை எய்துவதாக 2018இல் அறிவித்தது. அவ்விலக்கு நிறைவேறுவது, உலையிலிருந்து எழும் வாயுவைப் பிடித்துச் சேமிக்கும் தொழில்நுட்பம் மலிவாகக் கிட்டுவதைப் பொறுத்தது. இத்தகைய இலக்குகளைப் படிக்கும்போது, இன்று கைவசமுள்ள வழிகளால் எட்டக்கூடிய பங்கு எவ்வளவு, இனி வரவேண்டிய தொழில்நுட்பத்தை நம்பியிருக்கும் பங்கு எவ்வளவு என்று பிரித்து வினவவேண்டும்.

அறிவியலோடு இசைந்த இலக்கு

நிறுவனங்கள் தத்தம் வசதிக்கேற்ப எண்களைத் தேர்ந்துகொண்டிருந்த நிலையை மாற்றும் முயற்சியாக, 2015இல் அறிவியல் அடிப்படையிலான இலக்குகள் முன்முயற்சி என்னும் அமைப்பு தோன்றியது. அவ்வாண்டின் பாரிஸ் உடன்படிக்கை, புவி வெப்ப உயர்வை 2 பாகை செல்சியசுக்கு வெகு கீழே நிறுத்தவும், இயன்றால் 1.5 பாகைக்குள் அடக்கவும் உறுதி பூண்டது. 1.5 பாகைக்குள் அடங்க உலகின் கரியமில வாயு உமிழ்வு 2030க்குள் 2010ஆம் ஆண்டின் அளவிலிருந்து சுமார் 45 விழுக்காடு குறையவேண்டும் என்றும், 2050 வாக்கில் நிகர சுழியமாகவேண்டும் என்றும் பன்னாட்டுக் காலநிலைக் குழு 2018இல் கணித்தது.

அக்கணிப்பிலிருந்து நிறுவனங்களுக்கான விதி பெறப்பட்டது. முதல் இரு வட்டங்களின் உமிழ்வை அடிப்படை ஆண்டின் அளவில் ஆண்டுதோறும் குறைந்தது 4.2 விழுக்காடு குறைக்கவேண்டும். மூன்றாம் வட்டம் மொத்தத்தில் 40 விழுக்காட்டை எட்டினால் அதற்கும் இலக்கு வகுக்கவேண்டும். 2021இல் வெளியான நிகர சுழிய விதியின்படி, பெரும்பாலான தொழில்கள் 2050க்குள் தம் உமிழ்வில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை உண்மையாகவே குறைத்தாகவேண்டும். எஞ்சிய சிறு பங்கை மட்டுமே, வளிமண்டலத்திலிருந்து கார்பனை அகற்றி நிலையாகச் சேமிப்பதன்மூலம் ஈடுசெய்யலாம்.

ஆண்டுதோறும் குறைக்கவேண்டும் என்னும் நிபந்தனையின் இன்றியமையாமையை ஓர் எளிய கணக்கு உணர்த்தும். ஆண்டுக்கு 100 டன் வெளியிடும் இரு நிறுவனங்கள் முப்பதாண்டுகளில் சுழியத்தை எட்டுவதாக உறுதியளிக்கின்றன எனக் கொள்வோம். ஒன்று முதல் ஆண்டிலிருந்தே சீராகக் குறைக்கிறது. முப்பதாண்டுகளில் அது வெளியிடுவது 1500 டன். மற்றொன்று இருபதாண்டுகள் வாளாவிருந்து கடைசிப் பத்தாண்டுகளில் குறைக்கிறது. அது வெளியிடுவது 2500 டன். இரண்டும் தம் வாக்கைக் காப்பாற்றிவிட்டன. கரியமில வாயுவோ வளிமண்டலத்தில் நூற்றாண்டுக் கணக்கில் தேங்குவது. அங்கே கணக்கில் வருவது சேர்ந்த மொத்தம். தொலைதூர ஆண்டு ஒன்றை மட்டும் குறித்து, இடைக்கால இலக்கு எதையும் சொல்லாத வாக்குறுதி ஏன் பயனற்றது என்பது இதனால் விளங்கும்.

இங்குக் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் இலக்குகளை ஏற்பதை இவ்வமைப்பு 2022இல் நிறுத்திவைத்தது. ஆக, மிகப் பெரும் உமிழ்வுக்குக் காரணமான தொழிலே இந்த அளவுகோலுக்கு வெளியே நின்றது.

ஈடுகட்டலும் சான்றிதழும்

தான் குறைக்காமல், வேறோரிடத்தில் பிறர் குறைத்ததை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும் வழியும் உண்டு. காடழிப்பைத் தடுக்கும் திட்டங்களிலிருந்து பெறப்படும் கார்பன் வரவுகள் இவற்றுள் பெயர்பெற்றவை. ஆறு நாடுகளில் 26 திட்ட இடங்களை ஆராய்ந்து 2023இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, அவற்றுள் பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்றும், குறைத்தவையும் தாம் உரிமை கோரியதைவிடக் குறைவாகவே சாதித்தன என்றும் கண்டது. நிகழாமல் தடுக்கப்பட்ட ஒன்றை அளப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு இது சான்று.

2024 ஏப்ரலில், மூன்றாம் வட்டத்துக்கு இத்தகைய வரவுகளை ஏற்கலாம் என மேற்சொன்ன முன்முயற்சியின் அறங்காவலர் குழு அறிவித்தபோது, அதன் ஊழியர்களே வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். அளவுகோலைக் காப்பவர்களிடையேயும் கருத்து ஒருமித்திருக்கவில்லை என்பதை அந்நிகழ்ச்சி வெளிப்படுத்தியது.

வாக்கு தளர்ந்தபோது

மீண்டும் நம் முதல் வரலாற்றுக்கு வருவோம். 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் 2050க்குள் நிகர சுழியத்தை எட்டுவதாக அறிவித்தது. ஆகஸ்டில் அதற்கான வழியையும் சொல்லிற்று: எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2030க்குள் 2019இன் அளவிலிருந்து 40 விழுக்காடு குறைப்பது. ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் நிறுவனத்தில் தான் கொண்டிருந்த பங்கை அது இக்கணக்கில் சேர்க்கவில்லை. அக்குறைபாட்டுக்கு நடுவிலும், பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்று தன் விற்பனைப் பொருளையே குறைக்க முன்வந்தது முன்னுதாரணமற்ற செயலாகவே கருதப்பட்டது. 36 கோடி டன்னை நேரடியாகத் தொட்ட இலக்கு அதுவே.

தொற்றுநோயால் எண்ணெய் விலை வீழ்ந்திருந்த ஆண்டில் அளிக்கப்பட்ட வாக்கு அது. 2022இல் உக்ரைன் போர் மூண்டு விலை ஏறியது. அந்நிறுவனம் அவ்வாண்டு சுமார் 2800 கோடி டாலர் இலாபம் ஈட்டியது. 2023 பிப்ரவரியில் 40 விழுக்காடு 25 ஆயிற்று. போட்டி நிறுவனங்களைவிடப் பங்கு விலை பின்தங்கியது என்ற முதலீட்டாளர்களின் நெருக்குதலுக்கு நடுவே, 2025 பிப்ரவரியில் அக்குறைப்பே கைவிடப்பட்டது. எண்ணெய், எரிவாயு முதலீட்டை ஆண்டுக்கு 1000 கோடி டாலராக உயர்த்துவதாக நிறுவனம் அறிவித்தது.

வாக்கை மாற்றிக்கொண்டதற்கு எந்தச் சட்டமும் அதைத் தண்டிக்கவில்லை. இலக்கை நிறுவனமே வகுத்தது, நிறுவனமே திருத்தியது. முதல் இலக்கு இலாபத்தோடு ஒத்துப்போயிற்று; ஆதலால் காவலர் தேவைப்படவில்லை. இரண்டாவது இலாபத்தோடு முரண்பட்டது. அப்போது அதைக் காக்க எவரும் இல்லை.

காவலர் ஒருவரை நியமிக்கும் முயற்சி நெதர்லாந்தில் நடந்தது. மிலியூடிஃபென்சி என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில், ஷெல் நிறுவனம் மூன்று வட்டங்களையும் சேர்த்துத் தன் உமிழ்வை 2030க்குள் 2019இன் அளவிலிருந்து நிகரமாக 45 விழுக்காடு குறைக்கவேண்டும் என ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2021 மே 26இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 நவம்பர் 12இல் அவ்வெண்ணை நீக்கியது. உலகு முழுமைக்கும் உரிய விழுக்காட்டைத் தனியொரு நிறுவனத்தின்மீது அப்படியே சுமத்த அறிவியலில் போதிய உடன்பாடு இல்லை என்றும், ஷெல் விற்பனையைக் குறைத்தால் பிறர் அவ்விடத்தை நிரப்பக்கூடும் என்றும் அது கருதியது. ஆயினும் உமிழ்வைக் குறைக்கும் கடமை அத்தகைய நிறுவனங்களுக்கு உண்டு என்பதை அந்நீதிமன்றமும் ஏற்றது. கடமை நிலைநாட்டப்பட்டது, அதன் அளவு வரையறுக்கப்படவில்லை.

இலக்கு மெய்ப்பட்ட இடமும் இல்லாமலில்லை. ஒருகாலத்தில் நிலக்கரியை மிகுதியாக எரித்த டென்மார்க்கின் மின்நிறுவனம், கடற்காற்று மின்சாரத்துக்கு மாறி, 2017இல் ஓர்ஸ்டெட் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, 2024 ஆகஸ்டில் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. அங்கே உமிழ்வு நிறுவனத்தின் முதல் வட்டத்திலேயே இருந்தது. அரசின் கொள்கையும் துணைநின்றது. மாறாக, 2030க்குள் தான் வெளியிடுவதைவிட மிகுதியான கார்பனை அகற்றுவதாக 2020இல் அறிவித்த மைக்ரோசாஃப்டின் மொத்த உமிழ்வு, 2023ஆம் நிதியாண்டில் 2020இன் அளவைவிடச் சுமார் 29 விழுக்காடு கூடியிருந்தது. முதல் இரு வட்டங்களில் குறைவு ஏற்பட்டது உண்மை. புதிய தரவு மையங்களுக்கான எஃகும் கான்கிரீட்டும் சில்லுகளும் மூன்றாம் வட்டத்தைப் பெருக்கிவிட்டன. அவ்வுயர்வைத் தன் அறிக்கையில் தானே வெளியிட்டமைக்காக அந்நிறுவனத்தைப் பாராட்டவும் வேண்டும்.

படிப்பவர் கேட்கவேண்டியவை

இந்தியாவில் பங்குச்சந்தை மதிப்பில் முன்னிற்கும் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23ஆம் நிதியாண்டு முதல் தம் வணிகப் பொறுப்பு அறிக்கையை வெளியிடவேண்டும் என்பது செபியின் விதி. முதல் இரு வட்டங்களின் உமிழ்வு அவ்வறிக்கையின் அடிப்படைக் குறியீடுகளுள் ஒன்று. மூன்றாம் வட்டம் விருப்பத்துக்கு விடப்பட்டது. எனவே பங்கு வாங்குபவரும், வேலைக்குச் சேர்பவரும், ஆலைக்கு அருகில் வாழ்பவரும் இக்கணக்கைக் கேட்டுப் படிக்கும் வாய்ப்பு இன்று இருக்கிறது.

அவ்வாறு படிக்கும்போது சில வினாக்கள் போதும். எந்த வட்டம் வரை கணக்கிட்டிருக்கிறார்கள்? எந்த ஆண்டிலிருந்து குறைக்கிறார்கள்? மொத்த அளவா, ஒப்பளவா? அடுத்த ஐந்தாண்டுக்கு என்ன இலக்கு? குறைத்ததா, விற்றதா, வரவு வாங்கியதா? வெளியார் எவரேனும் சரிபார்த்தார்களா? இவற்றோடு, பிரிட்டிஷ் பெட்ரோலியத்தின் வரலாறு கற்பிக்கும் வினா ஒன்றையும் சேர்க்கவேண்டும்: இவ்விலக்கு இலாபத்தோடு மோதும் நாளில் அதைக் காப்பவர் யார்?

சந்தையில் தராசு பொய்த்தால் வாங்குபவர் அன்றே அறிவார். கார்பன் கணக்கு பொய்த்தால் அதன் இழப்பைச் சுமப்பவர் அந்த வணிகத்தில் பங்கேற்காத கடலோரத்து மீனவரும், மழையை நம்பிய உழவரும், இனிப் பிறக்கவிருக்கும் குழந்தைகளுமே ஆவர். அவர்கள் எந்தப் பங்குதாரர் கூட்டத்திலும் எழுந்து நின்று வினவ இயலாது. படித்தறிய வாய்த்தவர்கள் அவ்வினாவை அவர்களுக்காகவும் எழுப்பக் கடமைப்பட்டவர்கள்.